ஒளியை மறிக்காத வண்ணம்

ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜ் தேவாலயத்தின் முன்கூடத்தில் நின்றால், நானூறு ஆண்டு இடைவெளியில் உருவான இரண்டு வகைக் கண்ணாடி ஓவியங்களை இருந்த இடத்திலிருந்தே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். பக்கச் சாளரங்கள் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்யப்பட்டவை. தீர்க்கதரிசிகளும் புனிதர்களும் அவற்றில் வரிசையாக நிற்கிறார்கள். மேற்குச் சுவரின் பெரிய சாளரம் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கான ஓவியத்தை வரைந்து தந்தவர் ராயல் அகாடமியின் முதல் தலைவர் சர் ஜோஷுவா ரேனால்ட்ஸ். அதைக் கண்ணாடியில் தீட்டியவர் தாமஸ் ஜெர்வைஸ். 1770களின் இறுதியில் தொடங்கிய வேலை 1780களின் நடுவில் முடிந்தது. துணியில் தீட்டும்போதே அவ்வளவு அழகாக வரும் ஒளியும் நிழலும், வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடியில் இன்னும் பன்மடங்கு சுடர்விடும் என்பது ரேனால்ட்ஸின் நம்பிக்கை. ஆனால் சாளரம் பழுப்பேறி மங்கலாக வந்தது. அவரே அதை ஒப்புக்கொண்டு வருந்தினார். பக்கச் சுவரில் இருந்த பழைய கண்ணாடிகளோ அன்றும் சுடர்ந்தன, இன்றும் சுடர்கின்றன.

ஜெர்வைஸ் கைத்திறன் குறைந்தவர் அல்ல. குறை அவர் கையாண்ட வண்ணத்தின் இயல்பில் இருந்தது. பழைய சாளரங்களில் நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. உருக்கும்போதே உலோக ஆக்சைடைச் சேர்த்துச் சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் செய்த தகடுகளை வெட்டி, ஈயப் பட்டையால் இணைத்தார்கள். முகம், விரல், ஆடை மடிப்பு என்று கோடு வேண்டிய இடத்தில் மட்டும் தூரிகை பட்டது. ரேனால்ட்ஸ் சாளரத்திலோ நிறமற்ற கண்ணாடிகளின் மேல் எனாமலை, அதாவது நிறம் சேர்த்த கண்ணாடித்தூளை, பூசிச் சுட்டார்கள். நிழல் காட்டுவதற்காகப் பழுப்பும் சாம்பலும் அடுக்கடுக்காக ஏறின. ஒவ்வோர் அடுக்கும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கியது, இன்னொரு பங்கைச் சிதறடித்தது.

கண்ணாடியில் தீட்டுவதற்கு வண்ணம் வாங்கப் போகிறவர்கள் எந்த நிறம், என்ன விலை என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்த வண்ணம் வெளிச்சத்தை என்ன செய்யும் என்பது. ஜெர்வைஸின் சாளரம் அந்த ஒரு கேள்வியில்தான் தோற்றது.

சுவர் பெயின்ட்டின் வேலை அடியில் உள்ளதை மறைப்பது. கண்ணாடி வண்ணத்தின் வேலை எதையும் மறைக்காமல் நிறத்தை மட்டும் தருவது. மறைப்பது என்ற செயல் எங்கிருந்து வருகிறது? வெளிச்சம் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் எல்லையில் அதன் ஒரு பகுதி திரும்புகிறது, மீதி வளைந்து உள்ளே போகிறது. இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களும் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவு திருப்பம். அக்ரிலிக் பிசினின் எண் ஏறத்தாழ 1.49. சுவர் பெயின்ட்டுக்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7. அதை 0.2 முதல் 0.3 மைக்ரான் அளவுத் துகள்களாகச் செய்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளி அலையில் அது ஏறக்குறைய பாதி நீளம். சிதறல் உச்சத்தில் இருக்கும் அளவும் அதுவே. ஒரு மயிரிழைப் பூச்சுக்குள் இப்படிப்பட்ட துகள்கள் கோடிக்கணக்கில் கிடந்தால், உள்ளே போன வெளிச்சம் வழி தவறித் தவறி வந்த பக்கமே திரும்பிவிடும்.

குளியலறை சன்னலில் போடும் சொரசொரப்பான கண்ணாடியின் மேல் தண்ணீரைத் தெளித்தால், நனைந்த இடம் தெளிந்து மறுபக்கம் தெரிய ஆரம்பிக்கும். கண்ணாடியின் எண் 1.52, காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33. காற்று இருந்த பள்ளங்களில் தண்ணீர் நிரம்பியதும் வேறுபாடு சுருங்குகிறது, சிதறலும் அடங்குகிறது. அதே கண்ணாடி, அதே மேடுபள்ளம், எல்லைதான் மங்கியது. ஒளி ஊடுருவும் வண்ணத்தைச் செய்கிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு வழியில் இந்த எல்லையைத்தான் ஒழிக்கப் பார்க்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு கலை நம் ஊரிலேயே உண்டு. தஞ்சாவூர் கண்ணாடி ஓவியங்களில் தகட்டின் பின்பக்கம் தீட்டி முன்பக்கமிருந்து பார்க்கிறோம். கண், மூக்கு, நகைக் கோடுகள் முதலில், உடலின் நிறம் அடுத்து, பின்னணி கடைசியில். அங்கே வெளிச்சம் முன்னாலிருந்து போய்ப் பட்டுத் திரும்ப வேண்டும். அதனால் அடர்த்தியான, மறைக்கும் வண்ணமே அங்கே சரி. அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றி சன்னலுக்கு நேரே பிடித்தால் பெரும்பகுதி கறுப்பாகத் தெரியும். இரண்டுமே கண்ணாடி ஓவியம்தான் என்றாலும் ஒன்றுக்கு வாங்கிய வண்ணம் மற்றதற்கு உதவாது.

வெளிச்சம் பின்னாலிருந்து வருகிற வேலைக்கு முதல் விதி, வெள்ளையைத் தொடக் கூடாது. தாளிலும் துணியிலும் வரைந்து பழகியவர்களுக்கு இது கடினம். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் சிவப்பில் வெள்ளை சேர்ப்பது அவர்கள் கை வழக்கம். கண்ணாடியில் ஒரு துளி வெள்ளை போதும், நிறம் பால் ஊற்றினாற்போல் கலங்கிவிடும். இங்கே நிறத்தை இளக்க நிறமற்ற ஊடகத்தைத்தான் சேர்க்க வேண்டும். அல்லது மெல்லியதாகப் பூச வேண்டும். மஞ்சள், சிவப்பு, நீலம் எதுவானாலும் குப்பியின் லேபிளில் கலவை விவரம் இருந்தால் ‘பி.டபிள்யூ. 6’ என்ற குறியைத் தேடுங்கள். அது டைட்டானியம் வெள்ளைக்கு உலகெங்கும் வழங்கும் நிறமிக் குறியீடு. அது இருக்கும் குப்பி எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் சன்னல் வேலைக்கு ஆகாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தாளில் பூசிய ஒளி ஊடுருவும் மையை வெளிச்சம் இரண்டு தடவை கடக்கிறது: போகும்போது ஒரு தடவை, தாளில் பட்டுத் திரும்பும்போது ஒரு தடவை. கண்ணாடியில் ஒரே தடவைதான். அதனால் தாளில் செம்மையாகத் தெரிந்த சிவப்பு கண்ணாடியில் வெளிறிப்போகும். கடையில் வண்ண அட்டையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இந்தக் காரணத்தாலேயே ஏமாற்றும். குப்பியைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் உதவாது. குப்பியின் கனம் 2 சென்டிமீட்டர் இருக்கும், நாம் பூசப்போவது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு.

துகளே இல்லாமல் நிறத்தைக் கண்ணாடியில் கரைத்துவிட்டால் எல்லைக்கு இடமே இல்லை. அதைத்தான் இடைக்காலக் கண்ணாடிச் சூளைகள் செய்தன. உருகிய கண்ணாடியில் கோபால்ட் ஆக்சைடு கரையும்போது ஒவ்வொரு கோபால்ட் அயனியும் தனித்தனியே ஆக்சிஜன்களுக்கு நடுவே உட்கார்ந்துகொள்கிறது. ஓர் அயனி ஒளி அலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது வெளிச்சத்தைச் சிதறடிக்காது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சுப் பகுதிகளை விழுங்கும், நீலத்தை அப்படியே விடும். ஆயிரத்தில் ஒரு பங்கு கோபால்ட்டே ஆழ்ந்த நீலம் தரப் போதும். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் சுடர் சோதனை செய்தவர்கள் இந்தக் கண்ணாடியைக் கையில் பிடித்திருப்பார்கள். பொட்டாசியத்தின் மெல்லிய ஊதாச் சுடரைச் சோடியத்தின் மஞ்சள் அமுக்கிவிடும். கோபால்ட் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் மறைந்து ஊதா தெரியும். அதே கண்ணாடி ஆழ்சிவப்பையும் கொஞ்சம் விட்டுவிடும். பழைய குண்டு பல்பின் ஒளியில் நீலக் கண்ணாடி சற்று ஊதா கலந்து தெரிவது அதனால்தான்.

குரோமியம் பச்சை தரும், செம்பு மயில்நீலம் தரும், மாங்கனீசு கத்தரிப்பூ நிறம் தரும். இரும்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளும்: ஒரு நிலையில் நீலப்பச்சை, ஆக்சிஜன் கூடுதலான நிலையில் மஞ்சள். இவை யாவும் கண்ணாடியின் அணுக்கூட்டில் ஒட்டிய நிறங்கள் என்பதால் வெயிலுக்கு அசைவதில்லை. செட்டிநாட்டு வீடுகளின் சன்னல்களுக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடிகள் தலைமுறைகள் கடந்தும் நிறம் மாறாமல் நிற்பது இந்தப் பலத்தில். மாங்கனீசு மட்டும் விலக்கு: கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அதைச் சேர்த்து வார்த்த பழைய பாட்டில்கள் பல ஆண்டுகள் வெயிலில் கிடந்தால் மெல்ல ஊதாவாகும். புற ஊதாக் கதிர் மாங்கனீசிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறித்து, நிறமற்ற நிலையிலிருந்து நிறமுள்ள நிலைக்குத் தள்ளுகிறது.

சிவப்புதான் தலைவலி. தெளிவான சிவப்பு தரும் அயனி எளிதில் கிடைப்பதில்லை. அதனால் கைவினைஞர்கள் தங்களுக்கே தெரியாமல் நானோ அறிவியலுக்குள் நுழைந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் யோஹான் குங்கெல் தங்கத்தைக் கொண்டு மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி செய்தார். தங்கம் கரைந்த கண்ணாடி முதலில் நிறமற்று இருக்கும். மறுபடி சூடேற்றும்போது தங்க அணுக்கள் கூடிச் சில பத்து நானோமீட்டர் குறுக்களவுள்ள மணிகளாகும். கண்ணெதிரே சிவப்பு மலரும். அந்த மணிகளின் எலெக்ட்ரான்கள் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியோடு ஒத்திசைந்து அதை விழுங்குகின்றன. மணி பெரிதாக வளரவிட்டால் சிதறல் தொடங்கும், நிறம் கலங்கிப் பழுப்பாகும். சிவப்புக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கமே என்று 1857இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் இருந்த மைக்கேல் ஃபாரடே எடுத்துச் சொன்னார். அவர் செய்த செந்நிறத் தங்கக் கரைசல் இன்னும் அங்கே காட்சிக்கு இருக்கிறது.

வெள்ளியின் கதை இன்னும் அழகு. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் வெள்ளி உப்பைக் களிமண்ணோடு குழைத்துக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சுட ஆரம்பித்தார்கள். எகிப்தும் சிரியாவும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த வித்தையை அறிந்திருந்தன. சூளையில் வெள்ளி அயனிகள் கண்ணாடிக்குள் நுழைய, சோடியம், பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. உள்ளே போன வெள்ளி நுண்மணிகளாகத் திரண்டு நீலத்தையும் ஊதாவையும் விழுங்குகிறது. ஆறிய பிறகு களிமண்ணைத் துடைத்தால் அடியில் எலுமிச்சை மஞ்சள் முதல் குங்குமப்பூச் சாயல் வரை ஏதோ ஒன்று. மேலே விரலால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. அது பூச்சே அல்ல. இன்றைய மிதவைக் கண்ணாடியில் இதைச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உருகிய தகரத்தின் மேல் மிதந்து உருவான கண்ணாடி அது. தகரம் பட்ட பக்கத்தில் வெள்ளி வேறு நிறம் காட்டும். குற்றலைப் புற ஊதா விளக்கை அடித்தால் அந்தப் பக்கம் பால்போல் மங்கலாக ஒளிரும். அதை வைத்துப் பக்கத்தை அடையாளம் காணலாம்.

தீயில் சுடும் எனாமலுக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் எனாமல் என்று கேட்டால் இரும்புக் கதவுக்கு அடிக்கும் ஆல்கிட் பெயின்ட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். நான் சொல்வது கண்ணாடித்தூள். குறைந்த வெப்பத்தில் உருகும்படி செய்த கண்ணாடியை அரைத்து, நிறம் சேர்த்து, கோந்து நீரிலோ பைன் எண்ணெயிலோ குழைத்துத் தீட்டிச் சுடுகிறார்கள். இதிலும் இரண்டு குலங்கள் உண்டு. ஒன்றில் நிறமி கரையாமல் தூளாகவே கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். அது மறைக்கும் எனாமல். மற்றதில் உலோக ஆக்சைடு கண்ணாடித்தூளிலேயே முன்கூட்டிக் கரைந்திருக்கும். அது ஒளி ஊடுருவும் எனாமல். வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்காவிட்டால் வீட்டிலேயே ஒரு ரேனால்ட்ஸ் சாளரம் தயாராகிவிடும்.

ஒளி ஊடுருவும் எனாமலால் என்ன முடியும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு சிலர் காட்டினார்கள். டிரெஸ்டனில் சாமுவேல் மோனும், வியன்னாவில் அவர் மகன் காட்லோப் மோனும், பீங்கான் ஓவியரான அன்டோன் கோத்காசரும் குடிக்கும் கண்ணாடிக் குவளைகளில் நகரக் காட்சிகளையும் பூக்களையும் தீட்டினார்கள். கோத்காசர் குவளைகளில் வெள்ளி மஞ்சளும் எனாமலும் அடுத்தடுத்து வரும். குவளையை வெளிச்சத்துக்கு உயர்த்தினால் நிறம் குவளைக்குள் ஊறியதுபோல் தெரியும். சாளரத்தில் ஜெர்வைஸ் தோற்ற இடத்தில் இவர்கள் வென்றதற்கு என் கணிப்பில் இரண்டு காரணங்கள்: வண்ணத்தை மெல்லியதாக வைத்தார்கள், பெரும்பாலான இடத்தை வெறும் கண்ணாடியாகவே விட்டார்கள்.

சூளைக்குள் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் தெளிவு எங்கே பிறக்கிறது, எங்கே கெடுகிறது என்பது புரியும். முதலில் குழைத்த எண்ணெய் புகைந்து எரிந்து வெளியேற வேண்டும். அதற்குள் மூடியை இறுக்கிவிட்டால் கரி உள்ளே சிக்கி நிறத்தைக் கறுக்கும். 500 பாகை செல்சியஸ் தாண்டியதும் தூள் இளகி ஒட்ட ஆரம்பிக்கிறது. அந்த நிலையில் பூச்சு உலர்ந்த சுண்ணாம்புபோல் ஒளியற்று இருக்கும். மணிகளுக்கு இடையே இன்னும் காற்று இருக்கிறது. சொரசொரப்புக் கண்ணாடியின் அதே பிரச்சினை. 580, 600 என்று ஏறும்போது மணிகள் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து, காற்று குமிழாகி மேலே வந்து உடைந்து, மேற்பரப்பு சட்டென்று பளபளக்கும். அங்கே சில நிமிடம் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் கலங்கல் தங்கிவிடும். இன்னும் நூறு பாகை ஏற்றினால் அடியிலுள்ள குவளையே தொய்ந்துவிடும். சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி 720 பாகையை ஒட்டி நன்றாக இளகிவிடும். உருமாற்றம் அதற்கு முன்பே தொடங்கும். எனாமல்காரர் வேலை செய்வது இந்தக் குறுகிய இடைவெளிக்குள்தான். உலோகத்தின் மேல் எனாமல் பதிக்கிற நகைத் தொழிலாளர்கள் ஒளி ஊடுருவும் தூளைத் தண்ணீரில் பலமுறை கழுவி, கலங்கலாக மிதக்கும் நுண்பொடியை வடித்துவிடுவதும் இதே குமிழுக்கு அஞ்சித்தான். அந்த நுண்பொடிதான் காற்றைச் சிறைவைக்கும்.

எனாமலும் அடிக்கண்ணாடியும் ஆறும்போது சேர்ந்து சுருங்க வேண்டும். டீக்கடைக் கண்ணாடி ஒரு பாகைக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 9 மைக்ரோமீட்டர் சுருங்கும். ஆய்வகப் பீக்கர் செய்யும் போரோசிலிக்கேட் 3.3 மட்டுமே. ஒன்றுக்காகச் செய்த எனாமலை மற்றதில் சுட்டால் மயிரிழை விரிசல்கள் ஓடி, ஒருநாள் செதில்செதிலாக உரியும். பழைய தேவாலயச் சாளரங்களில் நீல எனாமல் உதிர்ந்து வெள்ளைத் திட்டுகள் தெரிவதற்கும் இந்தப் பொருத்தமின்மை ஒரு காரணம். சிவப்பும் ஆரஞ்சும் தரும் காட்மியம்-செலீனியம் எனாமல்களுக்குத் தனிப் பத்தியம் உண்டு. ஈயமோ செம்போ உள்ள வண்ணங்களோடு அவை சேர்ந்தால் கறுத்துவிடும்; அவற்றுக்குத் தனித் தூரிகை, தனிக் கிண்ணம். இந்தச் சிவப்பும் பிறப்பது நுண்படிகங்களில்தான். படிகத்தின் அளவு மாறினால் நிறம் மாறும் என்பதை வண்ணக் கண்ணாடிகளை ஆராய்ந்தே 1980களின் தொடக்கத்தில் லெனின்கிராடில் அலெக்ஸி எகிமோவ் காட்டினார். 2023இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

சூளை எல்லோர் வீட்டிலும் இல்லை. ஸ்டேஷனரிக் கடையில் வாங்கும் ‘கிளாஸ் கலர்’ குளிர்நிலை வண்ணம். இதில் பிசின் ஒரு படலமாக உலர்கிறது, நிறம் அதற்குள் இருக்கிறது. கரைப்பான் வாசனை வீசும் குப்பிகளில் பெரும்பாலும் நிறம் சாயமாகக் கரைந்திருக்கும். அதனால் தெளிவு அபாரம், தூளே இல்லை. தண்ணீரில் கரையும் வகை பூசும்போது பால்போல் தெரியும். பிசின் நுண்துளிகளாகத் தண்ணீரில் மிதப்பதால் அப்படி. தண்ணீர் வற்றியதும் துளிகள் ஒன்றாகக் கூடி எல்லைகள் மறைந்து தெளியும். தொடக்கத்துப் பால்நிறத்தைப் பார்த்துப் பயந்து திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். ஆனால் சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் பூசினால் இந்தத் தெளிவு முழுதாக வராமல் போகலாம். கரைப்பான் வகைக்கும் ஈரக்காற்று ஆகாது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து பனி படிய, வெண்மூட்டம் உள்ளே உறைந்துவிடும்.

கரைந்த சாயம் தரும் தெளிவுக்கு ஒரு விலை உண்டு. தனித்தனி மூலக்கூறாகப் பிசினில் கிடக்கும் சாயத்தை வெயிலின் புற ஊதாவும் ஆக்சிஜனும் ஒவ்வொன்றாகத் தாக்கி உடைக்கும். நிறமித் துகளில் லட்சக்கணக்கான மூலக்கூறுகள் படிகமாக அடுக்கியிருக்கும். வெளி வரிசை உள் வரிசையைக் காக்கும். அதே நிறமியைத் தெளிவுக்காக நுண்மையாக அரைத்துக்கொண்டே போனால் காப்பும் குறையும். ஒரே எடை நிறமியின் துகள் குறுக்களவைப் பாதியாக்கினால், ஒளி அலையைவிட மிகச் சிறிய துகள்களில், சிதறல் எட்டில் ஒன்றாகும். வெயில் படும் பரப்போ இருமடங்காகும். தெளிவும் ஆயுளும் இப்படி எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. வண்ணம் தேர்வது என்பது இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்று முடிவுசெய்வதே. தீயில் கரைந்த உலோக அயனி மட்டுமே இரண்டையும் சேர்த்துத் தருகிறது, அதனால்தான் அதற்கு அத்தனை பாடு.

இந்த இழுபறியில் தாக்குப்பிடிக்கும் நிறமிகள் சில உண்டு. முதன்மையானது தாலோசயனின் நீலம், லேபிளில் ‘பி.பி. 15’. 1928இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் எனாமல் பூசிய இரும்புக் கலன் ஒன்றில் விரிசல் விழுந்து, உள்ளிருந்த ரசாயனம் இரும்பைத் தொட்டது. அங்கே படிந்த நீலப்பச்சைக் கசடை ஆராயப் போய் இந்தக் குடும்பம் கைக்கு வந்தது. செம்பு சேர்த்த நீலம் 1935இல் சந்தைக்கு வந்தது. அதன் பச்சை உறவு ‘பி.ஜி. 7’. சிவப்பு-ஊதாப் பக்கம் 1958இல் வந்த குயினாக்ரிடோன்கள், ‘பி.வி. 19’, ‘பி.ஆர். 122’. மஞ்சளில் ‘பி.ஒய். 150’. தேன் நிறம் வேண்டுமென்றால் ஒளி ஊடுருவும் இரும்பு ஆக்சைடு. கோலத்துக்கு இழுக்கும் காவியின் அதே வேதிப்பொருளை 10 நானோமீட்டர் தடிமன் ஊசிகளாகச் செய்தது. கண்ணைப் பறிக்கும் ஒளிர் இளஞ்சிவப்புகள், குறிப்பாக ரோடமின் சாயம் உள்ளவை, சன்னலில் சீக்கிரம் வெளிறும். மேசை விளக்குக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

எல்.சி.டி. திரை வைத்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இந்த நிறமிகள் கண்ணாடியில் தீட்டப்பட்டே இருக்கின்றன. திரைக்குள் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஓரிரு மைக்ரான் கனத்தில் கண்ணாடி மேல் அச்சாகியிருக்கின்றன; நீலமும் பச்சையும் பெரும்பாலும் தாலோசயனின்தான். நிறமித் துகள் சற்றுப் பெரிதாகிச் சிதறல் எழுந்தால் முனைவாக்கிய ஒளி கலைந்து, கறுப்பாக இருக்க வேண்டிய இடம் சாம்பலாகும். படத்தின் ஆழமே போய்விடும். அதற்காகத் துகள்களை நூறு நானோமீட்டருக்கும் கீழே அரைக்கிறார்கள்.

வீட்டு அடுப்பில் சுடும் வண்ணங்கள் நடுவழி. பிரான்சின் பெபேயோ நிறுவனம் செய்யும் வித்ரியா 160 போன்றவற்றை ஓ.டி.ஜி. அடுப்பில் 160 பாகையில் 40 நிமிடம் சுட வேண்டும். குவளையைக் குளிர்ந்த அடுப்பில் வைத்து, 160 தொட்ட பிறகே நேரத்தை எண்ண வேண்டும், ஆறுவதும் உள்ளேயே. இதில் கண்ணாடி உருகுவதில்லை, பிசின் குறுக்குப் பிணைப்பாகி இறுகிக் கண்ணாடியைப் பற்றுகிறது. பற்றுதல் ஏன் கடினம் என்றால் கண்ணாடியின் மேற்பரப்பு எப்போதும் ஒரு நீர்ப் படலத்தைச் சுமந்தே நிற்கும். பிசின் படலத்தின் அடியில் நீர் புகுந்து தூக்கிவிடும். போதாக்குறைக்கு விரல் எண்ணெய். பூசுவதற்கு முன் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்து, பிறகு ஓரத்தை மட்டும் பிடிப்பதுதான் ஆயுளை நீட்டும் மலிவான வழி.

பூசும் கையும் தெளிவைத் தீர்மானிக்கிறது. ஒளி ஊடுருவும் படலத்தில் கனம் கூடினால் நிறம் அடரும், குறைந்தால் வெளிறும். தூரிகை இழுத்த தடம் அப்படியே கோடாகத் தெரியும். கண்ணாடியைக் கிடையாக வைத்து, கரைக்கோட்டுக்குள் வண்ணத்தைத் துளித்துளியாக விட்டு, தூரிகை நுனியால் மூலைகளுக்கு மெல்லத் தள்ளிவிட்டால் அதுவே சமன்படும். குமிழ் எழுந்தால் ஊசி முனையால் தொட்டால் போதும். தொட்டுத் தொட்டுத் திருத்தினால் கெடும். இரண்டு நிறங்களைக் கலப்பதும் அளவோடு. ஒவ்வொரு நிறமும் ஏதோ ஒரு பங்கு ஒளியைக் கழிக்கிறது. சிவப்பு விட்டதைப் பச்சை விழுங்கினால் மிச்சம் இருள்தான். மூன்று குப்பிகளைக் கலந்து ஒரு பச்சை செய்வதைவிட ஒற்றை நிறமிப் பச்சையை வாங்குவது மேல். கறுப்புக் கரைக்கோடு மட்டும் தாராளமாக இருக்கட்டும். பக்கத்தில் இருள் இருக்கும்போது நிறம் கூடுதலாக ஒளிர்வதாகக் கண் உணர்கிறது. ஈயப் பட்டைகள் பழைய சாளரங்களுக்குச் செய்த உதவி அது.

பின்னால் என்ன விளக்கு என்பதையும் பார்க்க வேண்டும். குளிர்வெண் எல்.இ.டி.யில் 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் ஓங்கியிருக்கும், ஆழ்சிவப்பு சொற்பம். சிவப்பும் கத்தரிப்பூவும் அதில் சோர்ந்துபோகும். அவற்றுக்கு மஞ்சள் சாயல் கொண்ட எல்.இ.டி. நல்லது. குடிக்கிற குவளையானால் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் வரையிலும் உட்புறத்திலும் எந்த வண்ணமும் வேண்டாம்; பழைய எனாமல்களில் ஈயமும் காட்மியமும் உண்டு.

வாங்கியதும் ஒரு சோதனைத் துண்டு செய்துவிடுங்கள். ஒரு கண்ணாடிப் பட்டையில் ஒவ்வொரு நிறத்தையும் ஓர் அடுக்கு, இரண்டு அடுக்கு, மூன்று அடுக்கு என்று பூசிக் காயவிட்டு, நீளவாக்கில் பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்கு பார்த்த சன்னலில் ஒரு கோடை முழுக்கக் கட்டித் தொங்கவிடுங்கள். சன்னல் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும், நீண்ட அலைப் பகுதி உள்ளே வரும். சோதனைக்கு அதுவே போதும். ஆடியில் தாளைப் பிரித்து இரண்டு பாதிகளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எந்தக் குப்பி சன்னலுக்கு, எது விளக்குக்கூட்டுக்கு, எது குப்பைக்கு என்று லேபிளைப் படிக்காமலே பிரித்துவிடலாம்.